செவ்வாய் போட்ட ஊசி சனிக்கிழமைக்குக் கை கொடுக்குமா?

வந்த கடிதம் (ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி, சுருக்கித் தருகிறேன்):

“டொக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 28. மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான், சின்னவளுக்கு மூன்று வயது. அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒரு தடவை, சில நேரம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். முந்தி கருத்தடை மாத்திரை போட்டேன், அவர் இல்லாதபோது எதற்கு என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்கு வருகிறார் என்றதும் ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டேன். 18ஆம் திகதி சனிக்கிழமை அவர் வந்தார். பக்கத்துக் காம்பரா அக்கா ‘ஊசி போட்ட அன்னைக்கே வேலை செய்யும்’ என்று சொல்லிச்சு. மாமி ‘ஒரு மாசம் போகணும்’ என்று சொல்லுது. இப்போது ஐந்து வாரமாகிறது, தீட்டு வரவில்லை. சரியான பயமாக இருக்கிறது. லூப், கையில் வைக்கிற குச்சி எல்லாம் எத்தனை நாளில் பிடிக்கும்? அவர் ‘நானே ஆபரேஷன் செய்துகொள்கிறேன்’ என்கிறார். செய்தால் அன்றைக்கே போதுமா? இன்னொன்று, என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து நான்கு மாதம். பால் கொடுக்கிறாள், தீட்டும் வரவில்லை. அவளுக்கு இப்போது ஒன்றும் வேண்டாம்தானே என்று அம்மா கேட்கிறது.”

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஊசி போட்ட கிழமை இருக்கிறது, திகதி இருக்கிறது, அவர் வந்து இறங்கிய நாள் இருக்கிறது, அக்கா சொன்னது, மாமி சொன்னது எல்லாம் இருக்கிறது. எனக்கு வேண்டிய ஒரு திகதி மட்டும் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் கடைசியாக உங்களுக்குத் தீட்டு தொடங்கியது என்றைக்கு? அதைச் சொல்லியிருந்தால் அரைப் பக்கத்தில் பதில் முடிந்திருக்கும். சொல்லாதபடியால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பயத்துக்கு ஒரு வழி பார்ப்போம். சனிக்கிழமை நடந்ததிலிருந்து மூன்று வாரம் தாண்டிவிட்டது. மூன்று வாரம் தாண்டினால் சிறுநீர்ச் சோதனையின் பதிலை நம்பலாம். டவுனில் பாமசியில் அந்தப் பட்டி கிடைக்கும், இல்லாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. ஒரு கோடு வந்தால் கரு இல்லை. இரண்டு கோடு வந்தால், இரண்டாவது மங்கலாக இருந்தாலும், கிளினிக்குக்குப் போக வேண்டும்.

தீட்டு வராததை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள். இந்த ஊசியே தீட்டைக் குழப்பும். முதல் மாதங்களில் சிலருக்கு இடையிடையே துளித்துளியாகப் படும், சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். வருடக் கணக்கில் போடுகிறவர்களில் தீட்டே வராதவர்கள் நிறையப் பேர். ‘கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்’ என்று மாமி அடுத்ததாகச் சொல்லக்கூடும். ஒன்றும் தங்குவதில்லை. மாதாமாதம் கருப்பைக்குள் தடித்து வளர்ந்து உதிர்கிற அந்தப் படலத்தை ஊசி வளர விடுவதில்லை. வளராதது உதிரவும் மாட்டாது.

ஒருவேளை இரண்டு கோடாகவே இருந்தால், அந்த ஊசி பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கெடுக்காது. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று ரகசியமாக மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டும்தான் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஒளித்து மறைத்துச் செய்யப் போய், இரத்தம் போகிற நிலையில் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நேரே வாருங்கள், பேசுவோம்.

இனி அந்தத் திகதிக்கு வருகிறேன்.

தீட்டு தொடங்கிய முதல் ஏழு நாளுக்குள் இந்த ஊசியைப் போட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அந்த நாட்களில் முட்டை வெளியே வரத் தயாராக இருக்காது, அது தயாராவதற்கு முன்னாலேயே ஊசி போய் நிறுத்திவிடும். வேறு எந்த நாளில் போட்டாலும், கருவில்லை என்பது நிச்சயமாக இருந்தால் போடலாம், ஆனால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் அந்த ஏழு நாளும் ஆணுறை பாவிக்க வேண்டும். (சில நாடுகளில் முதல் ஐந்து நாள் என்று இன்னும் இறுக்கமாகக் கணக்கெடுப்பார்கள்.) உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். தீட்டு ஒக்டோபர் 8க்கும் 14க்கும் இடையில் தொடங்கியிருந்தால், ஊசி செவ்வாய்க்கிழமையே காவலுக்கு நின்றுவிட்டது, சனிக்கிழமைக்குப் பயமில்லை. அதற்கு முந்தி, செப்டம்பர் கடைசியிலோ ஒக்டோபர் முதல் வாரத்திலோ தொடங்கியிருந்தால், காவல் 21ஆம் திகதி செவ்வாயிலிருந்துதான். சனிக்கிழமை நான்காம் நாள், நடுவழி. நடுவழி என்றால் கட்டாயம் கரு தங்கியிருக்கும் என்று அர்த்தமில்லை. நான்கு நாளில் ஊசி பெரும்பாலும் வேலையைத் தொடங்கியிருக்கும். அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அதனால்தான் சோதனை.

அக்காவுக்கு ஊசி அன்றைக்கே வேலை செய்திருக்கும், அவர் தீட்டு நாளில் போய்ப் போட்டிருப்பார். அவருக்கு நடந்ததை உங்களுக்கும் சொன்னார். மாமி சொல்லும் ஒரு மாதம் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் பயந்தவர் கூட்டிச் சொல்வார், அதில் ஆபத்து குறைவு. அக்கா குறைத்துச் சொன்னதில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

கிளினிக்கில் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையா, சொன்னது கூட்டத்தில் காதில் விழவில்லையா என்று தெரியாது. ஒரு காலை நேரத்தில் எழுபது பேர் வரிசையில் நிற்க, வெளியே மழை கொட்ட, பிள்ளைகள் அழ, ‘ஏழு நாள் கவனம்’ என்கிற மூன்று சொல் காணாமல் போவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நானே சொல்ல மறந்த நாட்களும் இருந்திருக்கும். அதனால் நீங்கள் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். ‘மிஸ், எனக்கு என்றையிலிருந்து?’ இந்த ஒரு கேள்வி போதும்.

சனிக்கிழமை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அடுத்த தடவைக்கு உதவும். அந்த ஞாயிற்றுக்கிழமையே யாரும் உங்களுக்கு ‘ஏழு நாள் ஆகவில்லையே’ என்று சொல்லியிருந்தால், டவுன் பாமசியில் போஸ்டினர் என்கிற அவசரக் கருத்தடை மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கலாம். டொக்டர் துண்டு தேவையில்லை. 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதாவது சனிக்கிழமை இரவென்றால் செவ்வாய் இரவு வரைக்கும் நேரம் இருந்தது. எவ்வளவு கெதியாகப் போடுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. ஆனால் அது முடிந்துபோன ஒரு இரவுக்கான மாத்திரை. வரப்போகும் இரவைக் காக்காது. சில வீடுகளில் அதையே மாதாமாதம் போடுகிறார்கள், அவர் வந்துவிட்டுப் போன மறுநாள் ஒன்று என்று. அதற்கு அது செய்யப்படவில்லை.

இப்போது நீங்கள் முந்தி விட்ட மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘அவர் இல்லாதபோது எதற்கு’ என்ற அந்த ஒரு வரிதான். கொழும்பில், வத்தளையில், ஏன் கட்டாரில் வேலை செய்கிறவர்களின் மனைவிமார் எத்தனையோ பேர் இதே வரியை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘பஸ் ஏறிட்டேன்’ என்று போன் வந்ததும் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் மாத்திரை அட்டையை எடுப்பார்கள். ஒன்று இன்றைக்கு, ஒன்று நாளைக்கு. திங்கள் விடிய அவர் போனதும் அட்டை திரும்பவும் படத்துக்குப் பின்னால். மூன்று மாதத்துக்குப் பிறகு என் முன்னால் உட்கார்ந்து ‘மாத்திரை போட்டுத்தான் தங்கிருச்சு டொக்டர்’ என்பார்கள்.

அந்த மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. தொடர்ந்து ஏழு நாள் ஹோமோன் உள்ளே போனால்தான் சூலகம் அடங்கும். தீட்டு தொடங்கி ஐந்து நாளுக்குள் அட்டையை ஆரம்பித்தால் முதல் நாளிலிருந்தே நம்பலாம். இடையில் ஆரம்பித்தால் முதல் ஏழு மாத்திரை முடியும் வரைக்கும் ஆணுறையும் வேண்டும். கடையில் நாம் வாங்குகிற மிதுரி அட்டையில் (மிதுரி என்றால் சிங்களத்தில் தோழி, நல்ல பெயர்தான்) 28 மாத்திரை இருக்கும். அதில் 21 வெள்ளை, 7 கபில நிறம். கபில நிறத்தில் இருப்பது வெறும் இரும்புச்சத்து. இரத்தச்சோகை அதிகம் உள்ள நம்மவர்களுக்கு அது தேவைதான், ஆனால் கருவைத் தடுக்காது. நிறத்தைக் கவனிக்காமல் அட்டையின் தவறான முனையிலிருந்து, கபில மாத்திரையில் தொடங்கிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். ஏழு நாள் போட்டுவிட்டுப் புருஷனை வரச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், அன்றைய மாத்திரையையும் வழமையான நேரத்தில் போடுங்கள், ஒன்றும் ஆகாது. இரண்டு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால் ஏழு நாள் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தியெடுத்தாலும் இன்னொன்று போட வேண்டும். மறப்பதில் மோசமான மறதி, கபில மாத்திரை முடிந்தும் புது அட்டையைத் தொடங்கப் பிந்துவது. ஏற்கெனவே ஒரு வாரம் ஹோமோன் இல்லாமல் இருந்த உடம்புக்கு இன்னும் இரண்டு நாள் இடைவெளி கிடைத்தால் முட்டை வெளியே வர அது போதும். அட்டை முடிய, ‘சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம்’ என்று விடுகிறோமே, அந்த இடைவெளிதான். ஒழுங்காகப் போடுகிறவர்களில் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது. நாம் சாதாரணமாகப் போடுகிற மாதிரிப் போட்டால் ஏழு பேருக்குத் தங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் மாத்திரையில் இல்லை.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள், வலிப்புக்குச் சில மாத்திரைகள் எடுப்பவர்கள் இதை நம்பியிருக்க வேண்டாம். அவை கருத்தடை மாத்திரையின் பலத்தையும் கைக்குச்சியின் பலத்தையும் குறைத்துவிடும். ஊசியையும் லூப்பையும் குறைக்காது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற சாதாரண அன்டிபயோட்டிக்குக்குப் பயப்படத் தேவையில்லை.

லூப்பைக் கேட்டீர்கள். செப்புக் கம்பி சுற்றிய லூப்பைக் கருப்பைக்குள் எந்த நாளில் வைத்தாலும் அந்த நிமிடமே வேலையைத் தொடங்கும். காத்திருக்கவே தேவையில்லாத ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். அது முட்டையை நிறுத்தப் போவதில்லை, ஹோமோனை நம்பியும் இல்லை. செப்பு விந்தணுக்களை முடக்கிவிடும், அவ்வளவுதான். நடந்து ஐந்து நாளுக்குள் வைத்தால் நடந்ததற்கும் சேர்த்துப் பாதுகாக்கும், போஸ்டினரைவிட நன்றாகவே. செவ்வாய்க்கிழமை நீங்கள் ஊசிக்குப் பதில் லூப் வைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. பத்து வருடம் இருக்கும். முதல் சில மாதங்களில் அபூர்வமாக வழுவி வெளியே வந்துவிடுவதுண்டு, ஆகவே சொன்ன நாளில் போய்க் காட்ட வேண்டும். தீட்டு கொஞ்சம் கூடலாம், வயிறு கொஞ்சம் கூடுதலாக வலிக்கலாம். இரத்தம் ஏற்கெனவே குறைவு என்று உங்கள் கார்டில் எழுதியிருந்தால் வைக்கும் முன் அதைச் சொல்லுங்கள். ஹோமோன் உள்ள லூப்பும் ஒன்று இருக்கிறது, விலை கூட. அதற்கு ஊசியின் கணக்குத்தான்: முதல் ஏழு நாளுக்குள் என்றால் உடனே, மற்ற நாளில் ஏழு நாள்.

கைக்குச்சிக்கும் அதே கணக்கு. ஜடெல் என்றால் இரண்டு குச்சி, ஐந்து வருடம். மேல் கையின் உட்பக்கத்தில் தோலுக்கடியில் வைப்பார்கள், வழக்கமாகப் பழக்கமில்லாத கையில். கொழுந்து பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் பழக்கமான கைதானே என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. வைத்த கட்டு நனையாமல் சில நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் மலைக்குப் போகிறவர்களுக்கு அது லேசான காரியமில்லை, ஆகவே இரண்டு நாள் லீவு கிடைக்கிற மாதிரி நாளைத் தெரிந்தெடுங்கள்.

உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கருவில்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டால், இப்போதைய ஊசியின் காலம் முடிவதற்குள் குச்சிக்கோ லூப்புக்கோ மாறினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். ஒன்றின் நிழலிலிருந்து இன்னொன்றின் நிழலுக்குப் போகிற மாதிரி.

இனி அவருடைய ஆபரேஷன். முதலில் அவரை மெச்ச வேண்டும். நம் பக்கத்தில் ‘நானே செய்துகொள்கிறேன்’ என்று சொல்கிற ஆம்பிளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெண்ணின் வயிற்றைத் திறக்கிற வேலையைவிட இது சின்ன வேலை. ஊசி போட்டு மரக்கப் பண்ணிச் சிறிய துளை வழியாக விந்துக் குழாயை வெட்டிக் கட்டுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். பலம் குறையாது, ஆண்மையும் குறையாது. மூட்டை தூக்க முடியாமல் போகும் என்கிற பேச்சை யார் கட்டிவிட்டதோ.

ஆனால் அன்றைக்கே போதுமா என்றால், போதவே போதாது. எல்லா முறைகளிலும் அதிகம் காத்திருக்க வேண்டியது இதற்குத்தான். மூன்று மாதம். வெட்டிய இடத்துக்கு அப்பால், வெளியே போகும் வழியில், ஏற்கெனவே உற்பத்தியான அணுக்கள் தங்கியிருக்கும். வாய்க்காலை மேலே அடைத்தாலும் கீழே நிற்கிற தண்ணீர் வடிந்து முடிய நேரம் எடுக்கும், இல்லையா? அதுவரைக்கும் ஊசியோ ஆணுறையோ ஏதாவது ஒன்று தொடர வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்து, அணு இல்லை என்று அறிக்கை வந்தால்தான் முடிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பதும் பிழை, அவள் உட்கார்ந்தாள், அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். அவளுக்கு மூன்று மாதம். அவருக்கு ஆபரேஷன் செய்து நான்கு மாதம். ‘வெட்டிக் கட்டினது கட்டினதுதானே டொக்டர், பிறகு இது எப்படி வந்துச்சு?’ என்று கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஸ்கேனை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஆபரேஷன் செய்து ஐந்து வாரத்தில் தங்கிய கரு. ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டு அவருடைய பர்ஸில் நான்காக மடித்து இருந்தது. மூன்று மாதம் கவனமாக இருக்கவும், பிறகு சோதனைக்கு வரவும் என்று அதில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். அன்றைக்கே விந்துச் சோதனைக்கு அனுப்பினேன். அப்போதும் அணு இருந்தது. அறிக்கையை நான் வாசித்துச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கன்டீனிலிருந்து ஒரு பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். இரண்டு வாரமாக வீட்டில் அவளோடு பேசவில்லையாம்.

அதனால் உங்கள் அவருக்கும் மூன்று மாதக் கணக்கை நீங்களே சொல்லுங்கள், மாமிக்கும் காதில் விழுகிற மாதிரி.

பெண்களுக்குக் கருக்குழாயை வெட்டிக் கட்டுகிற எல்.ஆர்.டி. ஆபரேஷனுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பிள்ளை பிறந்த கையோடோ சிசேரியனோடு சேர்த்தோ செய்தால் அன்றிலிருந்தே பலன். சாதாரண நாளில் செய்வதென்றால், அதற்கு முந்திய நாட்களில் தங்கிய கருவை அது ஒன்றும் செய்யாது என்பதால், முன்பு பாவித்த முறையை அடுத்த தீட்டு வரை விடாமல் இருப்பது நல்லது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். 1980களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டால் அரசாங்கம் காசு கொடுத்தது, தோட்டங்களில் அந்தக் காசைச் சுற்றி நிறையக் கசப்புக் கதைகள் இன்னும் உண்டு. இப்போதும் பிரசவ வலியில் கிடக்கும்போது யாராவது ‘கையெழுத்துப் போடு’ என்றால், வலி விட்ட பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. திருப்பி எடுக்க முடியாத முடிவை அவசரத்தில் எடுக்கக் கூடாது. அவருக்கும் இது பொருந்தும். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் நிச்சயம் இருந்தால் மட்டும்.

தங்கச்சிக்கு வருகிறேன். அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தீட்டு திரும்ப வந்திருக்கக் கூடாது, பிள்ளை தாய்ப்பால் மட்டும் இரவு பகலாகக் குடிக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் தாய்ப்பாலே நல்ல தடை. ஒன்று தவறினாலும் இல்லை. அவள் எப்போது திரும்ப வேலைக்குப் பேர் போடப் போகிறாள்? பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினாள் என்றால் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் பால் இடைவெளி நீண்டுவிடும், போத்தல் வரும், அன்றோடு அந்தக் கணக்கு உடைந்துவிடும். முதல் தீட்டுக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடும் என்பதால், தீட்டு வரட்டும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருக்கிற இந்த நாட்களிலேயே அவள் ஊசியோ குச்சியோ போட்டுக்கொண்டால் ஏழு நாள் காத்திருப்பும் அவளுக்கு மிச்சம். பால் குறையாது. மிதுரி மாதிரி இரட்டை ஹோமோன் மாத்திரையை மட்டும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தொட வேண்டாம். பாலூட்டும் தாய்க்கென்று ஒற்றை ஹோமோன் மாத்திரை இருக்கிறது. அதை எந்த நாளில் தொடங்கினாலும் இரண்டு நாளில் பிடித்துவிடும். ஆனால் தினமும் ஒரே நேரம் பிந்தாமல் போட வேண்டும்.

கடைசியாக உங்கள் காலண்டர். ஒக்டோபர் 14இலிருந்து 13 வாரம் என்றால் ஜனவரி 13, அதுவும் செவ்வாய்க்கிழமைதான், பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி. சோதனையில் ஒரு கோடுதான் என்றால் அன்றைக்கு அடுத்த ஊசியைப் போடுங்கள். நேரத்துக்குப் போட்டால் ஏழு நாள் கணக்கு இல்லை, அவர் பொங்கலுக்கு எப்போது வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போவதாக இருந்தால் இரண்டு வாரம் முந்தியும் போடலாம். மண்சரிவு, பஸ் இல்லை என்று சில நாள் பிந்தினாலும் ஊசி உடனே கைவிட்டுவிடாது, உலக சுகாதார நிறுவனம் நான்கு வாரம் வரை இடம் கொடுக்கிறது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அவர் உண்மையிலேயே முடிவெடுத்துவிட்டால் பொங்கல் லீவில் ஆபரேஷனைச் செய்துகொள்ளட்டும். மூட்டை தூக்காமல் ஒரு வாரம் இருக்க அந்த லீவு உதவும். அவருடைய மூன்று மாதம் சித்திரைப் புத்தாண்டோடு முடியும், உங்கள் ஜனவரி ஊசியின் 13 வாரமும் ஏப்ரல் 14இல் முடியும். ஒரே ஊசி அந்த இடைவெளி முழுவதையும் மூடிவிடுகிறது. ஏப்ரல் தொடங்கியதும் அவரை விந்துச் சோதனைக்கு நாள் எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வரவில்லையென்றால், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போனாலும் போகட்டும், நீங்கள் அடுத்த ஊசியையும் போட்டுவிட்டு வாருங்கள்.